பதிவு நாட்காட்டியும் கிளைக் கூட்டமும்

ஹைதராபாத்தின் கிழக்குப் பகுதியில், தார்நாகாவுக்கும் உப்பலுக்கும் இடையே உள்ளது ஹப்சிகுடா. தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமும், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் இங்கே இருக்கின்றன. சற்றே நடந்தால் உஸ்மானியா பல்கலைக்கழகம், இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம், 1918இல் நமது குன்னூரில் சிறியதோர் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி 1958இல் இந்நகருக்கு இடம் மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். பொதுத்துறை அறிவியல் கட்டி எழுப்பிய வட்டாரம் இது என்றால் மிகையில்லை. இன்று இதே வட்டாரத்தின் பி.ஜி. விடுதிகளில் அறைக்கு மூவர், நால்வராக இளைஞர்கள் தங்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. கிழக்கே போச்சாரம் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், மெட்ரோவின் நீல வழித்தடத்தில் மேற்கே ராய்துர்க்கம் வரை போகிறவர்கள், வேலை பறிபோனவர்கள், வேலை தேடுகிறவர்கள். இவர்களிடம் பேசப் போன தோழர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் தயங்குகிற இந்த இளைஞர்களிடம் 'பதிவு நாட்காட்டி' ஒன்று தயாராக இருக்கிறது.

லிங்க்ட்இன் தளத்தில் எந்தக் கிழமை எதை எழுதுவது என்று முன்கூட்டியே வகுத்து வைக்கும் அட்டவணைதான் அது. தொழில்முறை வட்டாரத்தில் தன்னைப் பின்தொடர்வோரைப் பெருக்கிக்கொள்ள வேண்டுமானால் வாரம் மூன்று பதிவாவது தவறாமல் எழுத வேண்டும் என்பது இன்றைய வேதவாக்கு. அதைக் கற்பிப்பதற்கென்றே ஆலோசகர்கள் பெருகியிருக்கிறார்கள்.

தென்மாவட்டத்துத் தோழர் ஒருவரின் மகன் ஹப்சிகுடா விடுதியில் தங்கியிருக்கிறார். நடுத்தர நிறுவனம் ஒன்றில் நான்காண்டுகள் மென்பொருள் சோதனைப் பணி செய்தவர். ஒருநாள் மாலை மனிதவளப் பிரிவு அவரை அழைத்து, தாமாகவே விலகுவதாக எழுதி வாங்கிக்கொண்டது. மறுநாள் அவருடைய அடையாள அட்டை வாயிலில் வேலை செய்யவில்லை. அவர் நம்மிடம் தம் நோட்டைக் காட்டினார். திங்களன்று 'நான் கற்ற பாடம்'. புதனன்று தொழில்நுட்பக் குறிப்பு. வெள்ளியன்று மனத்தை நெகிழ வைக்கும் அனுபவம். மூன்றையும் ஞாயிற்றுக்கிழமையே எழுதி வைத்துவிட வேண்டும். முதல் இரண்டு வரி படிப்பவரின் விரலை நிறுத்த வேண்டும். வெளியிட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள் வருகிற கருத்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். நாள்தோறும் பத்துப் பேருடைய பதிவுகளில் தானும் போய்ப் பாராட்ட வேண்டும். இவ்வளவையும் சொல்லிக்கொடுத்தவருக்குக் கட்டணமும் செலுத்தியிருக்கிறார். எட்டு மாதத்தில் பின்தொடர்வோர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். நேர்காணல் அழைப்பு வந்தது இரண்டே இரண்டு. வேலை பறிபோனதைப் பற்றி எழுதினீர்களா என்று கேட்டோம். எழுதியிருக்கிறார். நான்காண்டு வாய்ப்பளித்ததற்காக அந்த நிறுவனத்துக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறார்.

அந்த இளைஞரைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஒருவர் பிடிக்கும் கொழுகொம்பைப் பார்த்து நகைப்பது கம்யூனிஸ்டுக்கு அழகன்று. கேள்வி வேறு: அந்த ஞாயிற்றுக்கிழமை உழைப்பு யாருக்குப் போய்ச் சேர்கிறது?

யார் உழைப்பு, யார் லாபம்

லிங்க்ட்இன் 2003இல் பயன்பாட்டுக்கு வந்த தளம். 2016இல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலர் விலைக்கு வாங்கியது. 2023 நிதியாண்டில் அதன் வருவாய் 1,500 கோடி டாலரைத் தாண்டியது. அதே ஆண்டில் உலகெங்கும் 100 கோடி உறுப்பினர்கள் என்று அறிவித்தது. இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கு மேல். அமெரிக்காவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆள் தேடும் நிறுவனங்கள் கட்டும் சந்தா, விளம்பரக் கட்டணம், கூடுதல் வசதி வேண்டி வேலை தேடுவோரே கட்டும் சந்தா ஆகியவையே அதன் வருவாய் ஊற்றுகள். இம்மூன்றும் நடக்க வேண்டுமானால் தளத்தில் நாள்தோறும் கூட்டம் கூட வேண்டும். கூட்டம் கூட்டுவதற்கான சரக்கை உற்பத்தி செய்வது அந்த விடுதி அறையில் ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து எழுதுகிறவர். அதற்குக் கூலி கிடையாது.

தன் உழைப்புச் சக்தியை விற்பதைத் தவிர வேறு வழியற்றவனே பாட்டாளி என்று மார்க்சியம் கற்பித்தது. சந்தைக்குப் போனால் சரக்கு விலைபோகும் அல்லது போகாது; அந்த அளவோடு அது நின்றது. இன்று விற்பவனே கடைவாடகை கொடுத்து, விளம்பரப் பலகை எழுதி, கூவி அழைக்கவும் வேண்டியிருக்கிறது. ஆள் தேடும் செலவு முதலாளியின் கணக்கிலிருந்து தொழிலாளியின் கணக்குக்கு மாறிவிட்டது. 'நீயே ஒரு பிராண்டு' என்ற முழக்கத்தின் பொருளாதாரம் இவ்வளவுதான்.

இதற்கு முன்னர் இருந்தது என்ன என்பதை நம் இளைய தோழர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். காலிப் பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959இல் இயற்றப்பட்டது. அந்த அலுவலகங்களின் வாசலில் வரிசையில் நின்று வயது கடந்துபோனவர்களின் கசப்பு நமக்குத் தெரியும். அதைப் பொற்காலம் என்று பாட வேண்டியதில்லை. ஆனாலும் பதிவு மூப்பு என்றொரு நியதி அங்கே இருந்தது. உரக்கப் பேசத் தெரியாதவரின் பெயரும் முறைப்படி மேலே வந்தது. அரசிடம் கணக்குக் கேட்க முடிந்தது. அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. அரசு கைகழுவிய இடத்தில் தனியார் தளம் உட்கார்ந்திருக்கிறது. அதன் வரிசை எந்த நியதிப்படி நகர்கிறது என்று யாரும் கேட்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. உறுப்பினர்களின் பதிவுகளையும் விவரங்களையும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களுக்குப் பயிற்சியளிக்க லிங்க்ட்இன் பயன்படுத்துவது 2024 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. முன்கூட்டி ஒப்புதல் கேட்கவில்லை. வேண்டாதவர் தாமே தேடிப்பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கடுமையாக இருந்ததால் அங்குள்ளோர் அப்போது விலக்கப்பட்டனர். இந்தியத் தொழிலாளிக்கு அந்தக் காப்பு இல்லை. இதே மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்தில் சுமார் 6,000 பேரையும் ஜூலையில் சுமார் 9,000 பேரையும் வெளியேற்றியது. செயற்கை நுண்ணறிவில் முதலீட்டைக் கொட்டிக்கொண்டே வெளியேற்றியது. திங்கள்தோறும் 'நான் கற்ற பாடம்' எழுதுகிறவர், அப்பாடத்தை இயந்திரத்துக்கும் இலவசமாகக் கற்பித்துக்கொண்டிருக்கிறார்.

தொழில்முறை உறவுகளை வளர்த்துக்கொள்ளச் சொல்லும் அந்தத் தளத்தின் சொந்த ஊழியர்கள் நிலை என்ன? 2023 மே மாதத்தில் 716 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அக்டோபரில் மேலும் 650க்கும் அதிகமானோர். பதிவு எழுதும் கலையை அவர்களைவிட அறிந்தவர் யார்?

ஹப்சிகுடாவில் ஏறி ராய்துர்க்கம் போகும் மெட்ரோ, பேகம்பேட்டையைக் கடந்துதான் போகிறது. மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ள படித்த பள்ளி அங்கேதான் உள்ளது. இந்நகரத்து இளைஞர்களுக்கு அவருடைய கதை சலிக்காமல் சொல்லப்படுகிறது. ஒருவர் ஏறிய ஏணியை ஊருக்கெல்லாம் காட்டி, உழைத்தால் நீயும் ஏறலாம் என்பது முதலாளித்துவத்தின் பழைய கதாகாலட்சேபம். ஏணியில் ஒரு நேரத்தில் எத்தனை பேர் நிற்க முடியும் என்பதைக் கதை சொல்லிகள் கூறுவதில்லை.

முதலாளி அமர்ந்திருக்கும் அறை

தொழில்முறை ஊடகம் என்பதன் தனித்தன்மை ஒன்றை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். அது தொழிலாளியும் மேலாளரும் அடுத்த வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறவரும் ஒரே அறையில் அமர்ந்திருக்கும் இடம். அங்கே சம்பளத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இரவு 11 மணிக்கு வந்த அழைப்பைப் பற்றிப் பேச மாட்டார்கள். கட்டாய விலகல் கடிதத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேசினால் அது 'தொழில்முறை' ஆகாது. ஆட்குறைப்பை 'புதிய பயணம்' என்றும், மிகை உழைப்பை 'வேட்கை' என்றும் பெயர் மாற்றிக்கொண்டுதான் அங்கே நுழைய முடியும். வெளியே துரத்தியவனுக்கு நன்றி சொல்லும் கடிதம் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்திருப்பது அதனால்தான். தணிக்கையாளர் தேவையில்லை, வேலை தேடுபவரின் அச்சமே தணிக்கை செய்கிறது.

2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் மைசூர் வளாகத்தில் 300க்கும் மேற்பட்ட பயிற்சி ஊழியர்கள் வெளியேற்றப்பட்டனர். 2022இல் தேர்வாகி, இரண்டாண்டுக்கு மேல் காத்திருந்து பணியில் சேர்ந்த இளைஞர்கள் அவர்களில் இருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை நீக்கப் போவதாக அறிவித்தது. இடைநிலையிலும் மேல்நிலையிலும் இருந்தவர்களே இலக்கு. இருபதாண்டு அனுபவமும் பெரும் தொடர்பு வட்டமும் உள்ளவர்கள் இவர்கள். தனிமனித விளம்பரம் வேலையைக் காக்கும் என்றால் முதலில் இவர்களைக் காத்திருக்க வேண்டும்.

வேலை நேரக் கணக்கையும் பாருங்கள். வாரம் 70 மணி நேரம் உழையுங்கள் என்றார் நாராயண மூர்த்தி, 2023இல். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் அதை 90 ஆக்கினார். 2025 ஜூலையில் தெலங்கானாவின் காங்கிரஸ் அரசு, வணிக நிறுவனங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேர வேலைக்கு அனுமதி அளித்து ஆணை பிறப்பித்தது. வார உச்சவரம்பு 48 மணி என்ற வரியை மட்டும் விட்டு வைத்தது. அந்த 48க்குள் மெட்ரோ பயணம் வராது. ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகள் வராது. வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் இரண்டாவது வேலை தொடங்கும் பெண் ஊழியருக்கு இந்த நாட்காட்டியில் இடமே கிடையாது. ஆங்கிலத்தில் சரளமாகக் கதை சொல்லத் தெரியாத, முதல் தலைமுறையாகக் கல்லூரி கண்ட தலித், பழங்குடி இளைஞருக்கும் அப்படித்தான். அதே வளாகங்களைத் துப்புரவு செய்கிறவர்களும், காவல் நிற்பவர்களும், நள்ளிரவில் வண்டி ஓட்டுகிறவர்களும் அந்த 10 கோடிக் கணக்கில் பெரும்பாலும் இல்லாதவர்கள்.

நம் வீட்டுக்குள் வந்த வாதம்

இதுவரை சொன்னதில் தோழர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இராது. வேறுபாடு அடுத்த படியில் தொடங்குகிறது. "இளைஞர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வலதுசாரிகள் நாள் தவறாமல், திட்டமிட்டு, பணம் செலவழித்து எழுதுகிறார்கள். நாமோ மே தினத்துக்கும் நவம்பர் 7க்கும் ஒரு படம் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். நமக்கும் நாட்காட்டி வேண்டும், ஆலோசகர் வேண்டும், தோழர்கள் ஒவ்வொருவரும் தமக்கென வாசகர் வட்டம் வளர்த்துக்கொள்ள வேண்டும்" என்கிறார்கள் சிலர்.

இதன் முற்பாதி உண்மை. நம்மிடம் ஒழுங்கு இல்லை என்ற குற்றச்சாட்டு முற்றிலும் நியாயமானது. சமூக ஊடகமே குட்டி முதலாளித்துவச் சுயமோகம் என்று சொல்லிக் கதவைச் சாத்தும் மூத்த தோழர்களோடு நமக்கு உடன்பாடில்லை. இன்றைய அச்சுக்கூடம் எதுவோ அதைக் கையாளக் கற்றுக்கொள்ள மறுப்பது சோம்பேறித்தனம். அதற்குக் கொள்கைச் சாயம் பூச வேண்டாம்.

பிற்பாதியோ ஆபத்தானது. பின்தொடர்வோரைப் பெருக்கும் கலை எதைக் கேட்கிறது? 'நாங்கள்' என்று எழுதாதே, 'நான்' என்று எழுது என்கிறது. தீர்மானத்தைப் போடாதே, முகத்தைப் போடு என்கிறது. கிளையில் விவாதிக்கும் முன்பே பக்கத்தில் கருத்துச் சொல், இல்லையேல் அலை போய்விடும் என்கிறது. ஓராண்டு இப்படிப் பழகினால் கமிட்டிக்கு வெளியே தமக்கென ஒரு ரசிகர் கூட்டம் வைத்திருக்கும் தோழர்கள் உருவாவார்கள். பிறகு அவர்களிடம் யார் கணக்குக் கேட்பது? அமைப்பை மீறிய தனிநபர் செல்வாக்கால் நம் இயக்கம் பட்ட பாடு போதாதா?

ஒழுங்கு என்பதை நமக்கு ஆலோசகர்கள் கற்றுத்தர வேண்டியதில்லை. 1901இல் 'இஸ்க்ரா'வின் 4ஆம் இதழில் 'எங்கே தொடங்குவது?' என்று லெனின் எழுதியபோது, பத்திரிகை தவறாமல் அச்சாகித் தவறாமல் ஊர் ஊராகப் போய்ச் சேர்வதை அமைப்பு வேலையின் அளவுகோலாகவே கொண்டார். காரணம் எளிது. இதழ் ஒவ்வொரு முறையும் போய்ச் சேர வேண்டுமானால் வழியெங்கும் ஆட்கள் வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் நம்ப வேண்டும். செய்தி திரும்பி வர வேண்டும். அந்த வலைப்பின்னலே கட்சி. தமிழகத்தில் சிங்காரவேலர் 1923இல் 'தொழிலாளன்' நடத்தியதும், ஜீவா 1937இல் 'ஜனசக்தி'யைத் தொடங்கியதும் இந்த மரபில்தான். சந்தா வசூலிக்கப் போகும் தோழர் திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிவிட்டு வருவார். அந்த அரைமணி நேரத்தில் ஆலையில் என்ன நடக்கிறது என்பது கட்சிக்குத் தெரிந்துவிடும். பின்தொடர்வோர் பட்டியலில் அந்த அரைமணி நேரம் இல்லை.

விவசாயிகள் போராட்டத்தைச் சிலர் மறுமொழியாகச் சுட்டுவார்கள். சுட்டட்டும், நன்றாகச் சுட்டட்டும். 2020 நவம்பர் இறுதியில் தில்லி எல்லைகளுக்கு வந்தவர்கள் சமூக ஊடகத்தை அற்புதமாகக் கையாண்டார்கள். 'கிசான் ஏக்தா மோர்ச்சா' கணக்கு சில வாரங்களில் பெரும் வாசகரைத் திரட்டியது. ஆனால் பஞ்சாபின் கிராமக் கமிட்டிகளும், டிராக்டர்களும், ஊர் ஊராக முறைவைத்து ஆள் அனுப்பிய ஏற்பாடும், லங்கர் அடுப்புகளும் முதலில் வந்தன. கணக்கு பின்னர் வந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று ஒன்றிய அரசின் கோரிக்கையின் பேரில் ட்விட்டர் 250க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கியபோது அந்தக் கணக்கும் முடங்கியது. எதிர்ப்புக்குப் பின் திரும்பியது. நடுவில் போராட்டம் ஒரு நாளும் நிற்கவில்லை. அதற்கு முன்பே, 2020 டிசம்பரில், 'டிராலி டைம்ஸ்' என்ற அச்சு இதழைப் பஞ்சாபியிலும் இந்தியிலும் அவர்கள் தொடங்கியிருந்தார்கள். கைப்பேசி எல்லோரிடமும் இருந்த முகாமில், தாளில் அச்சிட்டு டிராலிக்கு டிராலி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஏன் என்று நம் ஊடகப் பொறுப்பாளர்கள் உட்கார்ந்து யோசிப்பது நல்லது.

நமக்கு இன்னும் அருகில் ஓர் உதாரணம். திருப்பெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இருப்பதை நிறுவனம் எதிர்த்தது. அது தன் வணிகக்குறியாம். தனி ஆளாக நின்று உன்னையே பிராண்டு ஆக்கிக்கொள் என்று உபதேசிக்கும் அதே உலகம், கூட்டாகச் சேர்ந்து தாங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் சொத்துரிமை பேசுகிறது. 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் அதே பெயரோடு பதிவானது.

எண்ணிக்கை வேண்டும் என்கிற தோழர்களுக்குச் சட்டமே ஓர் எண்ணிக்கையைக் கொடுத்திருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலுறவுத் தொகுப்பின்படி, நிறுவனத்தின் தொழிலாளர்களில் 51 சதவீதத்தினரை உறுப்பினராகக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கம். எந்தச் சங்கத்துக்கும் அந்த அளவு இல்லையென்றால் 20 சதவீதம் உள்ளவை பேச்சுவார்த்தைக் குழுவில் இடம்பெறும். தொழிலாளர் விரோதத் தொகுப்பு இது, எதிர்த்துப் போராடுகிறோம். அதுவரை நம் முன்னே நிற்கும் கணக்கு இதுதான். விருப்பக்குறி இட்டவர்கள் இந்தச் சதவீதத்தில் வர மாட்டார்கள். தகவல் தொழில்நுட்ப ஊழியருக்குச் சங்க உரிமை உண்டு என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. அதைக்கூட அறியாதவர்களே இத்துறையில் ஏராளம். ஒரு பதிவு எழுதுவதாக இருந்தால் முதலில் அதை எழுதலாம்.

கர்நாடகத் தோழர்களிடம் கற்க வேண்டியதும் இங்கேதான். 2024 ஜூலையில் நாளுக்கு 14 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் முன்மொழிவு வந்தபோது, கர்நாடக மாநிலத் தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் பெங்களூரின் நிறுவன வாயில்களில் துண்டறிக்கையோடு நின்றது. 2025இல் அது 12 மணி நேரமாக வேடம் மாற்றி வந்தபோதும் நின்றது. அவர்களுடைய பதிவுகள் பரவின. வாயிலில் துண்டறிக்கை வாங்கியவர்தான் இரவு அறைக்குப் போய் அதைப் பகிர்ந்தார்.

ஆகவே இத்துறைக் கிளைகளுக்கு நம் முன்மொழிவு இது. நாட்காட்டி போடுங்கள், கிளைக் கூட்டத்தில் போடுங்கள். எழுதியவர் பெயர் வேண்டாம். சங்கத்தின் பெயர் போதும். ஒவ்வொரு பதிவிலும் படிப்பவர் செய்வதற்கு ஒரு வேலை இருக்கட்டும்: கட்டாய விலகல் கடிதத்தில் கையெழுத்திடும் முன் யாரை அழைப்பது, நிலுவைச் சம்பளத்துக்குத் தொழிலாளர் துறையில் மனு எழுதுவது எப்படி, சனிக்கிழமை மாலை எங்கே கூடுவது. 'மேலாளர்' என்ற பட்டம் சூட்டித் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து வெளியே தள்ளும் தந்திரத்தை மூன்று வாரம் தொடர்ந்து விளக்கலாம். முதலாளி அமர்ந்திருக்கும் அறையில் அச்சமின்றிப் பேச ஒரு தனிநபரால் முடியாது. சங்கத்தின் பக்கத்தால் முடியும். மாதக் கடைசியில் கிளைக்கு வரும் அறிக்கையில் பார்வை எண்ணிக்கைக்கு ஒரு வரி போதும். மீதி இடத்தில், எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேரை நேரில் பார்த்தோம், எத்தனை பேர் உறுப்பினர் அட்டை வாங்கினார்கள் என்பது இருக்கட்டும்.

ஹப்சிகுடாவிலும் உப்பலிலும் தார்நாகாவிலும் பி.ஜி. விடுதிகளில் இருக்கும் தமிழ்த் தோழர்களின் பிள்ளைகள், உறவினர்கள் யார் யார் என்ற பட்டியல்கூட இன்னும் நம்மிடம் இல்லை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டக் குழுவும் தத்தம் பகுதியிலிருந்து ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் சென்றவர்களின் பெயரையும் அவர்கள் வேலை செய்யும் துறையையும் ஒப்புதலுடன் திரட்டி, அந்தந்த மாநிலத் தோழர்களுக்கு அனுப்ப வேண்டும். இதற்கு ஆலோசகர் கட்டணம் கிடையாது. அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துவிட்டால் போதும்.